டாக்டரம்மா மேல் ஒரு பிராது

இந்த நாட்டில் என் பெயர் சித்தரத்தை. கடைக்குப் போனால் கடைக்காரர் "வா, கூலஞ்ஜான்" என்கிறார். அரபியில் கூலஞ்ஜான் என்றால் நாம் இருமலுக்கு இடித்துக் கொடுக்கிற சித்தரத்தைக் கிழங்கு. முதல் நாள் என் பெயர் கொளஞ்சி என்று சொன்னபோது அவர் உள்ளே போய் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்தார். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதுவா நீ?" என்று கேட்டார். இல்லை, நான் ஒரு சாமியின் பெயர் என்று சொல்ல எனக்கு அரபி போதவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நான்கு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது தெருவில் யாராவது கூலஞ்ஜான் என்றால் உடனே திரும்புகிறேன். ஊருக்குப் போனால், கொளஞ்சி என்று கூப்பிடும்போது ஒரு நொடி கழித்துத்தான் திரும்புகிறேன்.

விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்கு என் பெயரை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் திருவிழாக் கூட்டத்தில் கொளஞ்சி என்று கத்தினால் பத்துப் பேர் திரும்புவார்கள். எல்லாம் கொளஞ்சியப்பர் கொடுத்த பெயர். அந்தக் கோயிலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மற்ற கோயில்களில் வேண்டிக்கொள்வார்கள். அங்கே பிராது கொடுப்பார்கள். பொருள் திருடு போனாலும், வரப்பைத் தள்ளி வைத்தாலும், புருஷன் விட்டுவிட்டுப் போனாலும், இன்ன ஊர் இன்னார் இன்னார்மேல் கொடுக்கும் பிராது என்று எழுதி, சாமி முன்னால் வைத்து, பிறகு முனியப்பர் சன்னதியில் உள்ள வேலில் கட்டிவிட்டு வருவார்கள். குறை தீர்ந்ததும் கொடுத்தவரே திரும்ப வந்து வாபஸ் வாங்கவேண்டும். போலீஸில் கொடுத்ததை மறந்தாலும் மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள். ஒரு பிராது கடல் தாண்டி என்னையும் என் முதலாளியையும் எப்படிப் பிடித்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது ஓமான் நாட்டின் உள்பகுதியில், மலையடிவாரத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடம். கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான்கு அறை, ஒரு சமையலறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் பேரீச்சந் தோப்பு. பெருக்குவது, சமைப்பது, தொட்டி நிரப்புவது, வண்டி கழுவுவது என் வேலை. நடத்துகிறவர் டாக்டர் ஷம்ஸா. இந்த நாட்டுக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அவர் பார்ப்பது குளவி. மண்ணை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் கூடு கட்டுகிறதே, அந்தக் குளவி எந்த மண்ணை எடுக்கிறது, எந்த மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது, மண்ணை ஒட்டும்போது ஏன் அப்படி ரீங்காரம் போடுகிறது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதனால் என்ன லாபம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். "தெரியாது" என்பார். "தெரியாததால்தான் பார்க்கிறேன்" என்பார். அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊரில் என்னிடம் என்ன வேலை என்று கேட்டால் ஆபீஸ் வேலை என்பேன். மற்றவர்கள் எண்ணெய்க் கிணறு, கிரேன், கப்பல் என்று சொல்லும் இடத்தில் குளவி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கூடத்தை மூடப்போகிறார்கள் என்று போன வருஷமே பேச்சு எழுந்தது. அந்த இடத்தில் சுற்றுலா விடுதி வரப்போகிறதாம். அந்தச் சமயத்தில்தான் டாக்டரின் பெயர் ஒரு பரிசுக்குப் போயிற்று. உலகத்தில் எந்த நாட்டுக்காரரும் வாங்கலாம். ஆனால் புற்றுநோய்க்கு மருந்து, ராக்கெட் என்று எல்லோரும் பேசுகிற ஆராய்ச்சிக்கு அதில் இடமில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத துறையில், உடனே பலன் வருமா என்று கேட்காமல், அடிப்படையை மட்டும் தோண்டிக்கொண்டிருப்பவர்களுக்கென்றே வைத்த பரிசு. "யாரும் கூப்பிடாத கல்யாணத்தில் நமக்கு மட்டும் பத்திரிகை வைத்திருக்கிறார்கள்" என்று டாக்டர் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார். அந்தப் பரிசு வந்தால் கூடம் நிற்கும், வராவிட்டால் மூடப்படும். அவருக்கு அவருடைய குளவிகள் போய்விடும். எனக்கு வேலை போகும், விசா போகும். ஆனால் என் விசாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

என் மகள் அமுதாவை விருத்தாசலத்திலேயே கட்டிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை வேல்முருகன் செராமிக் தொழில். வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை போட்டு அகல் விளக்கும் சின்னச் சின்ன சாமி பொம்மையும் செய்கிறார்கள். ஒரு நாள் வீடியோவில் மகளோடு பேசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டார். மகளுக்கு சலாம் சொல்வார் என்று நினைத்தேன். "சுவரில் அது என்ன? கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்" என்றார். மகள் தள்ளி நின்றாள். சுவரில் ஒரு குளவிக்கூடு. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி போல இருந்தது. பொம்மைக்குக் கரைத்து வைத்திருக்கும் பீங்கான் மண் தொட்டியிலிருந்து குளவி எடுத்து வந்திருக்கிறது. மணிமுத்தாறு அத்தனை கிட்டத்தில் இருக்க, ஆற்று மண்ணை விட்டுவிட்டு மனுஷன் சலித்துக் கரைத்த மண்ணை அது ஏன் தேடிப் பிடித்தது? டாக்டர் அன்று சாப்பிடவில்லை. மறு மாதமே என்னைக் கூட்டிக்கொண்டு விருத்தாசலம் கிளம்பிவிட்டார்.

ஐப்பசி மழை விட்டிருந்த நேரம். கறுப்பு அங்கியும் மலையேறும் ஷூவுமாக ஒரு அரபுப் பெண்மணி எங்கள் சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கியதும் தெருவே கூடிவிட்டது. சற்று நேரத்தில் நான்கைந்து இளைஞர்கள் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றார்கள். "அண்ணே, அம்மாகிட்ட டிரைவர் விசா இருக்குதான்னு கேட்டு சொல்லுங்கண்ணே." நான் குளவி பார்க்க வந்திருக்கிறார்கள் என்றேன். "சொல்ல இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அதுக்குன்னு குளவியா?" என்று ஒருவன் கோபித்துக்கொண்டு போனான்.

மாப்பிள்ளையின் தாயார் அஞ்சலை அம்மாள்தான் அந்த வீட்டுக்கு எல்லாம். புருஷன் போன பிறகு கொட்டகையைத் தனியாக நடத்தி மகனை ஆளாக்கியவர். வாய் பெரிது, மனசும் பெரிது. டாக்டருக்கு மீன் குழம்பு வைத்துப் பரிமாறிக்கொண்டே பேசினார். அமுதாவுக்கு அதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. மூன்றாவதாக உண்டானது தெரிவதற்கு முந்தின வாரம்தான் குளவி அவள் அறையில் கூடு கட்டியது. வீட்டில் குளவி கூடு கட்டினால் யாரோ உண்டாகியிருக்கிறாள் என்பது நம் பக்கத்துச் சொல். செம்மண் என்றால் ஆண், மணல் கலந்தால் பெண். பிள்ளை பிறக்கும்வரை கூட்டைக் கலைக்கக் கூடாது, கருவுக்கு ஆகாது.

"வெள்ள மண்ணுல கட்டுனா என்னா பொறக்கும்?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"வெள்ளக்காரன் பொறப்பான். போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்றார் அஞ்சலை.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார். கூட்டில் ஓர் அறை காலியாக இருந்தால், அதிலிருந்து விரல்நுனி அளவு மண் எடுத்துக்கொள்ளலாமா? வேல்முருகன் தாயிடம் சொன்னான். அஞ்சலையின் முகத்தில் சிரிப்பு நின்றது. கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்கு மேலேயே நின்றது. டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். வேண்டாம், விட்டுவிடுங்கள், பரவாயில்லை என்கிற பொருளில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமுதாவின் பக்கம் கையைக் காட்டிப் புன்னகையோடு சொன்னார்: "கலாஸ், கலாஸ்."

வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்கும் சொல் அது. வேலை முடிந்தால் கலாஸ், சாப்பாடு போதும் என்றால் கலாஸ், சண்டை வேண்டாம் என்றாலும் கலாஸ். ஆனால் விருத்தாசலத்தில் ஆளைக் கலாஸ் பண்ணிட்டான் என்றால் அந்த ஆள் உயிரோடு இல்லை என்று பொருள். இரண்டு கலாஸும் ஒரே நேரத்தில் என் காதில் விழுந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை அம்மாள் இன்னொரு துண்டு மீனை எடுத்து டாக்டரின் தட்டில் வைத்தார்.

இரண்டு நாள் தங்கி, கொட்டகை உத்தரத்தில் கிடந்த பழைய உடைந்த கூடுகளை எடுத்துக்கொண்டு, படமும் சத்தமும் பதிந்துகொண்டு டாக்டர் திருப்தியாகத்தான் கிளம்பினார். புறப்படும்போது அஞ்சலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வூட்டுக்கு வந்தவங்கள வாயால ஏசக்கூடாது சம்மந்தி. அதான் கொளஞ்சியப்பர்கிட்ட போயி பிராது குடுத்துட்டு வந்துட்டேன்."

"யாரு மேலங்க?"

"உங்க டாக்டரம்மா மேலதான். என் மருமவ வவுத்தப் பாத்து கலாஸுன்னு சொன்னாங்கள்ல?"

அரபியில் அதற்கு அது அர்த்தம் இல்லை, போதும் விடுங்கள் என்றுதான் சொன்னார் என்று ஒருவழியாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அர்த்தம் உங்க ஊருல இருக்கட்டும் சம்மந்தி. காதுல வுழுந்தது எங்க ஊருல" என்றார். உங்க ஊர் என்று அவர் சொன்னது ஓமானை. நான் பிறந்து வளர்ந்த மண்ணில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன்.

டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சாமி காரியம்தானே, குழந்தை பிறந்தால் வாபஸ் வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். மாதங்கள் போயின. பரிசுக்கு வந்த பெயர்களில் கடைசிச் சுற்றில் டாக்டர் ஷம்ஸா இருப்பதாகச் செய்தி வந்தது. நான் மகளின் வளைகாப்புக்கு நீண்ட விடுப்பில் ஊருக்குக் கிளம்பினேன். பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

வளைகாப்பு முடிந்த வாரம் பரிசுக் குழுவிலிருந்து வேல்முருகனுக்குச் செய்தி வந்தது. கடைசிச் சுற்றில் இருப்பவர்கள் எந்த வீடுகளில், எந்தத் தோட்டங்களில் வேலை செய்தார்களோ அங்கிருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார்களாம். அந்த மனுஷர் அனுமதி கேட்டாரா, மரியாதையாக நடந்தாரா என்று. நல்ல வழக்கம். அமுதாவை அப்போது எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார்கள். நான் மட்டும் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அஞ்சலை நல்ல புடவை கட்டி, செல்போன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரையில் ஒரு தாடிக்காரரும் குட்டை முடி வைத்த ஓர் அம்மையாரும் தெரிந்தார்கள். வேல்முருகன் பக்கத்தில் நின்று இரு பக்கப் பேச்சையும் மாற்றிச் சொன்னான். நான் கதவோரம் நின்றேன்.

"டாக்டர் உங்ககிட்ட கேட்டுட்டு செஞ்சாங்களான்னு கேக்கறாங்கம்மா."

"கேட்டாங்க. நல்ல பொம்பள. மீன ஒழுங்கா முள்ளெடுத்து சாப்ட்டாங்க, சொல்லு."

வேல்முருகன் சொன்னான். இருவரும் புன்னகைத்தார்கள்.

"அவங்க மேல எதாச்சும் குறை உண்டான்னு கேக்கறாங்க."

"குறையா? பிராதே குடுத்திருக்கறேன்."

வேல்முருகன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"என்னாடா அவரப் பாக்குற? உள்ளதச் சொல்லு. பொய் சொல்றதுக்கா புடவை மாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்?"

அவன் கம்ப்ளைண்ட் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னான். தாடிக்காரர் முன்னால் சாய்ந்தார். போலீஸிலா என்று கேட்டார். இல்லை. கோர்ட்டிலா?

"கோர்ட்டா? அதுக்கு மேலன்னு சொல்லு."

யார் விசாரிக்கிறார்கள் என்று அம்மையார் கேட்டார். முனியப்பர் என்றான் வேல்முருகன். எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். அவரோடு பேச முடியுமா என்று கேட்டார்கள்.

"நானே தெனம் பேசிக்கிட்டுதான் இருக்கறேன்" என்றார் அஞ்சலை. "அவரு கேட்டுக்குவாரு, பதில் சொல்லமாட்டாரு."

வேல்முருகன் பாவம், அது கோயில், தெய்வம், நம்பிக்கை என்று தடுமாறி விளக்கினான். விளக்கியது இன்னும் கெடுத்தது. கேலி செய்து ஒதுக்கியிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். அம்மையார் மிகுந்த மரியாதையோடு சொன்னார். ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் நீதி வழக்கம் உண்டு, அதைப் பரிசுக் குழு மதிக்கிறது. கொடுத்தவர் தானாக வாபஸ் வாங்கும்வரை அந்தப் பெயரை மேலே அனுப்ப முடியாது. முடிவு செய்யும் நாள் நெருங்கிவிட்டது. அந்த நாளுக்கும் அமுதாவின் பிரசவ நாளுக்கும் நடுவில் சில வாரம் இடைவெளி. முடிவுதான் முதலில் வருகிறது.

அன்று மாலையே டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஒரு வேலில் கட்டிய ஒரு காகிதம்" என்றார். "என் முழு வாழ்க்கை, கொளஞ்சி. ஒரு காகிதம். போய் அவிழ்க்கச் சொல்." அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். கூலஞ்ஜான் என்று கூப்பிடாமல் என் பெயரை ஒழுங்காக உச்சரித்ததும் அன்றுதான்.

பிறகு வந்த நாட்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் போயின. காலையில் அமுதாவின் கால் வீக்கத்தைப் பார்ப்பேன். மத்தியானம் டாக்டரின் செய்தி வந்திருக்கிறதா என்று போனைப் பார்ப்பேன். என் மனைவியிடம் கேட்டேன். "பொண்ணக் குடுத்தவங்க நாம. அவங்ககிட்ட போயி பிராது வாபஸ் வாங்குங்கன்னு எந்த வாயால கேப்பீங்க?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கேக்காம இருந்தீங்கன்னா டாக்டரம்மா மூஞ்சில எப்பிடி முழிப்பீங்க?" என்றும் அவளே கேட்டாள்.

கடைசியில் போனேன். அஞ்சலை கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த அகல்களின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். சூளையில் சுடாத மண், கொஞ்சம் அழுத்தினால் போய்விடும். அவர் கை பழகிய கை. நான் வந்த காரியம் அவருக்குத் தெரியும்.

"நான் ஒண்ணும் ராட்சசி இல்ல சம்மந்தி" என்றார். "அந்தம்மா நல்லா இருக்கட்டும். பரிசு வாங்கட்டும். ரெண்டு தரம் ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட வந்த புள்ளய நான்தான் கைத்தாங்கலா படியேத்துனேன். இந்தத் தரம் புள்ளைக்காக வேலுல ஒண்ணு கட்டி வெச்சிருக்கேன். அத நடுவுல அவுக்க எனக்கு கை வரல."

"அவங்க அப்படி நெனச்சு சொல்லலீங்க."

"தெரியும். நீங்க சொன்னப்பவே தெரியும்." அகலைக் கீழே வைத்தார். "ஒண்ணு செய்யலாம். நீங்க பொண்ணப் பெத்தவரு. வாபஸ் வாங்கு, ஒண்ணும் ஆவாதுன்னு உங்க வாயால சொல்லுங்க. இப்பவே பஸ்ஸு ஏறி போயிட்டு வந்துடறேன். ஆனா அது உங்க வாக்கு."

அவர் என்னைச் சிக்கவைக்கச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். காகிதத்துக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பக்கத்தில் இத்தனை வருஷம் இருந்தவனுக்குத் தெரியாதா? சொல்ல வாயெடுத்தேன். அமுதாவின் கால் வீக்கம் கண்ணில் வந்தது. ஆகாது என்கிற ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

முடிவு நாள் வந்தது, போயிற்று. கடலடியில் பாறையில் படியும் ஏதோ ஒரு வழவழப்பை ஆராய்ந்த ஒருவருக்குப் பரிசு போயிற்று. டாக்டரே போன் செய்து சொன்னார். "அதையும் யாரும் பார்த்ததில்லை. தகுதியான ஆள்" என்றார். பிறகு, "கலாஸ், கொளஞ்சி" என்றார். அந்தச் சொல்லுக்கு அன்று இரண்டு ஊரிலும் ஒரே அர்த்தம்தான் இருந்தது.

பதினைந்து நாள் போல கழித்து அமுதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை. நல்ல மாநிறம். "வெள்ளக்காரி எங்கடி?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டுவிட்டு அஞ்சலையிடம் அடி வாங்கினாள். குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும், சொன்ன சொல் மாறாமல், அஞ்சலை அம்மாள் வாபஸ் வாங்கக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா வரமுடியாது. அவங்களுக்கு பதிலா நீங்க நில்லுங்க."

பஸ்ஸில் அவ்வளவு சந்தோஷமாக வந்தார். "இன்னியோட முடிஞ்சிது. இனிமே பரிச குடுக்கச் சொல்லி போன் போடுங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பரிசு போய்விட்டது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் எப்படிச் சொல்வது?

கோயிலில் அன்று கூட்டம் குறைவு. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"குறை தீந்துதாம்மா?" என்று கேட்டார்.

"தீந்துது சாமி. பேத்தி பொறந்திருக்கா" என்ற அஞ்சலை, சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் சொல்லுங்க சம்மந்தி. உங்க தரப்புலயும் தீந்துதுன்னு."

ஆம் என்று சொல்லியிருக்கலாம். என் வாழ்க்கையில் அப்படி எத்தனையோ இடத்தில் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் என்னவோ தெரியவில்லை, அந்த இடத்தில் தலை ஆடவில்லை.

"எங்க தரப்புல தீரலீங்க" என்றேன். "பரிசு வேற ஆளுக்குப் போயிடுச்சு."

"எப்ப?"

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே."

"முன்னாடியே சொல்லியிருந்தாலும் நான் அவுத்திருக்கமாட்டேன்" என்றார் அஞ்சலை. "ஆனா சொல்லியிருக்கணும் நீங்க. ஊமக்கோட்டான் மாதிரி இருந்துட்டீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறவரிடம் திரும்பினார். "சாமி, வாபஸ் ஒண்ணு எழுதுங்க. அப்பிடியே புதுசா ஒரு பிராது எழுதுங்க."

"யாரு மேலம்மா?"

"பரிசு குடுக்கறவங்க மேல. குளவி டாக்டரம்மாவுக்கு குடுக்க வேண்டியத குடுக்காம வெச்சிருக்காங்க. அடுத்த தரமாச்சும் குடுக்கணும்னு எழுதுங்க."

"அவங்க எந்த ஊரு?"

"வெளிநாடு. முனியப்பரு கண்டுபுடிச்சிக்குவாரு."

பெரியவர் சிரிக்கவில்லை. அதைவிட விசித்திரமானதெல்லாம் எழுதியிருப்பார். "பிராது குடுக்கறது நீதானாம்மா?"

"நான் எப்பிடி குடுக்கறது? கெடுத்தவளே நான்தான. இவரு குடுக்கறாரு."

அவர் என் பக்கம் பார்த்தார். பெயரைச் சொன்னேன். "சாமி பேரு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "ஊரு?"

பேனா காத்துக்கொண்டிருந்தது. விருத்தாசலம் பக்கம் என்று சொன்னால், குறைப்பட்ட இடம் இது இல்லை. இங்கே எல்லோருக்கும் நல்லதுதான் நடந்திருக்கிறது. அந்த மலையடிவாரத்தைச் சொன்னால், அந்த ஊர்க்காரனுக்கு இந்த வேலில் என்ன உரிமை? அங்கே கூடத்தை அடுத்த பருவத்தில் மூடிவிட்டால் அதுவும் என் ஊர் இல்லை. பெரியவர் மறுபடி கேட்டார்.

"ரெண்டையும் எழுதுங்க சாமி" என்றார் அஞ்சலை. "பதில் எங்க வந்தாலும் ஆளு கெடைக்கணும்ல."

ஒரே வரியில் இரண்டு ஊரையும் எழுதினார். காகிதத்தின் அகலம் போதாமல் இரண்டாவது ஊர் ஓரத்தில் வளைந்து கீழே இறங்கியது. சாமி முன்னால் வைத்து எடுத்து, கட்டுவதற்காகக் காகிதத்தைச் சின்னதாக மடித்தேன். மடிப்பு சரியாக இரண்டு ஊருக்கும் நடுவில் விழுந்தது. இறுக்கி முடிச்சுப் போட்டேன். எந்த ஊர் உள்பக்கம் போயிற்று, எந்த ஊர் வெளியே தெரிகிறது என்று நான் பார்க்கவில்லை.